டெபியன் 12-லிருந்து 13: பாதியில் கரன்ட் போச்சு, இப்போது ஆர்டர் புத்தகத்தைக் காணோம்

காலண்டர்_சிவகாசி | ஞாயிறு மாலை 6:52

வணக்கம். மாமாவின் அச்சகத்தில் கணினி சம்பந்தப்பட்ட எல்லாம் என் தலையில். ஆர்டர் புத்தகம் 4 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய மேசைக் கணினியில் இருக்கிறது. டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்), உள்ளே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், வெளியே பைத்தானில் நானே எழுதிய ஒரு சின்ன வலைப்பக்கம். அச்சகத்தில் ஐந்து பேர் அதைத் திறந்து வைத்துத்தான் வேலை பார்க்கிறார்கள்.

இன்று லீவு என்பதால் 13-க்கு ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பேக்கேஜ்கள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்ஸ் கோப்பில் 'புக்வர்ம்' (12-இன் பெயர்) என்றிருந்ததை 'ட்ரிக்சி' (13-இன் பெயர்) ஆக்கிவிட்டு 'ஆப்ட் அப்டேட்', பிறகு 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு'. பாதி ஓடும்போது கரன்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி செத்து எத்தனை நாளோ, இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

கரன்ட் வந்ததும் போட்டால் கறுப்புத் திரையில் லாகின் மட்டும். எங்கோ படித்த நினைவில் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுத்தேன். பத்து நிமிடம் ஓடி முடிந்தது, மறுபடி போட்டதும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், ஏற்றி முடித்ததும் பழைய பேக்கேஜ்களைத் துடைக்கச் சொல்லி ஒரு குறிப்பில் பார்த்ததையும் செய்தேன்: 'ஆப்ட் ரிமூவ் ?ஆப்சொலீட்'. நீளமாக ஒரு பட்டியல் காட்டியது. படிக்காமல் 'ஒய்' அடித்துவிட்டேன்.

இப்போது வலைப்பக்கம் 502 (பின்னால் இருக்கும் நிரல் பதில் தரவில்லை) என்கிறது. லிப்ரேஆஃபிஸைக் காணோம். நேராகத் தரவுத்தளத்துக்குள் போகும் 'பிஎஸ்கியூஎல்' போட்டால் 5432 போர்ட்டில் யாரும் இல்லை என்கிறது. போஸ்ட்கிரெஸ் கிளஸ்டர்களை (ஒரு பதிப்பின் கீழ் ஓடும் தரவுத்தளத் தொகுப்புகளை) பட்டியலிடும் 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' இரண்டு வரி காட்டுகிறது: 15 மெயின், 5432, 'டவுன், பைனரிஸ்_மிஸ்ஸிங்', 17 மெயின், 5433, 'ஆன்லைன்'. சரி என்று 5433-க்குப் போனால் ஆர்டர் தரவுத்தளமே அங்கு இல்லை.

காலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கிறது. பேக்கப் ஆடி மாதம் எடுத்தது. மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை.


ரூட்_ராசாத்தி | மாலை 7:05

தம்பி, முதலில் கீபோர்டிலிருந்து கையை எடுங்கள். இனி எந்தப் பேக்கேஜையும் நீக்க வேண்டாம், 'ஆட்டோரிமூவ்' கூட வேண்டாம்.

ஒரே கேள்வி. நீங்கள் கொடுத்தது 'ரிமூவ்' தானா, 'பர்ஜ்' இல்லையே? நினைவை நம்பாதீர்கள். /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பின் கடைசிப் பகுதியில் 'ரிமூவ்:' என்று வரி ஆரம்பிக்கிறதா, 'பர்ஜ்:' என்றா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ரிமூவ் என்றால் நிரல் மட்டும் போகும், அமைப்புக் கோப்புகளும் தரவும் அப்படியே கிடக்கும். போஸ்ட்கிரெஸ் சர்வரைப் பர்ஜ் செய்தால் தரவு அடைவையும் அழிக்கட்டுமா என்று ஒரு கேள்வி கேட்கும், அதில் முன்கூட்டியே தேர்வாகி இருப்பது 'ஆம்'. என்டர் தட்டிப் பழகிய கைக்கு அது மிகவும் ஆபத்தான இடம்.

அப்புறம் 'சூடோ எல்எஸ் /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/15/மெயின்' கொடுங்கள்.


காலண்டர்_சிவகாசி | மாலை 7:13

அக்கா, லாக்கில் 'ரிமூவ்:' தான். அடைவு இருக்கிறது, உள்ளே 'பேஸ்', 'குளோபல்', 'பிஜி_வால்' எல்லாம் தெரிகிறது. மொத்தம் 1.9 ஜிபி. கை நடுக்கம் இப்போதுதான் நின்றது.


ரூட்_ராசாத்தி | மாலை 7:20

அப்படியானால் ஆர்டர் எங்கும் போகவில்லை. அதைப் படிக்கத் தெரிந்த நிரல்தான் போயிருக்கிறது. 'பைனரிஸ்_மிஸ்ஸிங்' என்று பட்டியல் சொன்னதற்கு அர்த்தம் அதுதான்.

டெபியனில் 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்கிற பேக்கேஜ் வெறும் கைகாட்டி. 12-இல் அது 15-ஐக் காட்டியது, 13-இல் 17-ஐக் காட்டுகிறது. ஏற்றும்போது 17 வந்து உட்கார்ந்து தனக்கென்று ஒரு காலி கிளஸ்டர் போட்டுக்கொள்ளும். 5432-ஐப் பழையது பிடித்திருப்பதால் புதியதற்கு 5433. பழைய தரவு தானாகப் புதியதற்கு மாறாது, நாம்தான் மாற்ற வேண்டும். ட்ரிக்சியின் களஞ்சியத்தில் 15 கிடையாது. அதனால் ஆப்ட்டின் கணக்கில் அது 'ஆப்சொலீட்'. உங்கள் துடைப்பத்தில் அது மாட்டியது அப்படித்தான். வெறும் 'ஆட்டோரிமூவ்' கொடுத்திருந்தால் தப்பித்திருக்கும். போஸ்ட்கிரெஸ் சர்வர் பேக்கேஜ்களை ஆட்டோரிமூவ் தொடக்கூடாது என்று டெபியன் தனியாக ஒரு தடுப்பு வைத்திருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/15, /ஈடிசி/போஸ்ட்கிரெஸ்கியூஎல்/15 இரண்டையும் 'சிபி -ஏ' கொண்டு ஒரு வெளி வட்டுக்கு நகலெடுங்கள். வட்டு ஈஎக்ஸ்டி4 ஆக இருக்கட்டும். பென்டிரைவின் ஃபேட் ஃபார்மட்டில் உரிமையும் அனுமதியும் தங்காது. 15 இப்போது ஓடாமல் இருப்பதும் ஒரு வகையில் நல்லதுதான், நகல் சுத்தமாக வரும்.


வட்டுக்கிறுக்கன் | மாலை 7:31

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? தரவு அடைவை நகலெடுத்துவிட்டு 13-ஐப் புதிதாகப் போட்டால் நாற்பது நிமிடம். பாதியில் கரன்ட் போன சிஸ்டத்தை நான் நம்பவே மாட்டேன்.


கரிசல்பென்குயின் | மாலை 7:44

புதிதாகப் போட்டாலும் அந்த 15-இன் அடைவைத் திறக்க 15-இன் நிரல் வேண்டுமே. 17 அதைத் தொடவே தொடாது. நாற்பது நிமிடத்தில் ஓஎஸ் வரும். பிரின்டர் அமைப்பு, என்ஜின்எக்ஸ், சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பு, இவர் மறந்துபோன க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும்) வேலை இதெல்லாம் வர இன்னும் இரண்டு நாள். டிபிகேஜி ஒன்றும் அவ்வளவு பலவீனமானது இல்லை. எந்தப் பேக்கேஜ் எந்த நிலையில் நின்றது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் வேலை செய்யும்.

தம்பி, எனக்கு வேறொரு சந்தேகம். டிபிகேஜி முடிந்த பிறகு ஃபுல்-அப்கிரேடை மறுபடி ஓட்டினீர்களா? 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' ஏற்கெனவே பிரித்து வைத்த பேக்கேஜ்களை மட்டும்தான் அமைத்து முடிக்கும். இன்னும் பிரிக்காதவற்றைப் பற்றி அதற்குத் தெரியாது. 'ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்' எத்தனை காட்டுகிறது? சோர்ஸ் கோப்புகளில் என்னென்ன இருக்கிறது என்பதையும் போடுங்கள். கைபேசியிலிருந்து எழுதுகிறேன், கட்டளைகளைத் தமிழில் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.


காலண்டர்_சிவகாசி | மாலை 8:02

நகல் எடுத்துவிட்டேன்.

அண்ணே, 614 பேக்கேஜ் காட்டுகிறது! ஏற்றி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அல்லவா துடைத்தேன்.

சோர்ஸில் ட்ரிக்சி, ட்ரிக்சி-செக்யூரிட்டி, ட்ரிக்சி-அப்டேட்ஸ் இருக்கின்றன. தனிக் கோப்பில் புக்வர்ம்-பேக்போர்ட்ஸ் (12-க்கென்று கட்டிய புதிய பதிப்புகளின் களஞ்சியம்) ஒன்று இருக்கிறது, அதை மறந்தே போனேன். அப்புறம் ஒரு பிரவுசரின் சொந்த ரெப்போ (களஞ்சியம்).


கரிசல்பென்குயின் | மாலை 8:15

லிப்ரேஆஃபிஸ் ஏன் போனது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. அது இன்னும் 12-இன் பதிப்பாகவே இருந்திருக்கிறது. அந்தப் பதிப்புக்கு 'லிப்ஐசியூ72' என்கிற நூலகம் வேண்டும். ட்ரிக்சியில் லிப்ஐசியூ76 தான், அதனால் 72 'ஆப்சொலீட்'. நீங்கள் 72-ஐ நீக்கச் சொன்னீர்கள், அதன் தோளில் நின்றதெல்லாம் கூடவே விழுந்தது. பாதியில் நிற்கும் சிஸ்டத்தில் துடைப்பத்தை எடுக்கக்கூடாது என்பது இதனால்தான்.

பேக்போர்ட்ஸ் கோப்பில் 'எனேபிள்ட்: நோ' போடுங்கள், பழைய வடிவக் கோப்பு என்றால் வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ். பிரவுசர் ரெப்போவையும் இப்போதைக்கு அணைத்து வையுங்கள். பிறகு வரிசையாக:

ஆப்ட் அப்டேட்
டிபிகேஜி --ஆடிட்
ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்
ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்
ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு

ஆடிட் ஒன்றும் சொல்லாவிட்டால் நல்லது. ஷோஹோல்ட் ஏதாவது காட்டினால் நிறுத்திவிட்டு இங்கே சொல்லுங்கள். எப்போதோ ஒரு பேக்கேஜைப் பூட்டி வைத்துவிட்டு மறந்திருப்போம், அது ஒன்றே ஐம்பதைப் பிடித்து இழுக்கும். கடைசிக் கட்டளையில் 'ஒய்' அடிப்பதற்கு முன் 'ரிமூவிங்' என்கிற பகுதியைப் படியுங்கள். ஆப்ட் 3.0-வில் அது சிவப்பாகவே தெரியும்.

முக்கியமாக, எங்கிருந்தாவது கரன்ட்டுக்கு ஒரு வழி செய்துகொண்டு ஆரம்பியுங்கள்.


ஒருபக்கஎலி | மாலை 8:24

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் இந்த வாரம் ஏற்றப் போகிறேன், ஆனால் வெளியூர் சர்வர், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) வழியாக. கவனிக்க வேண்டியது ஏதாவது?


கரிசல்பென்குயின் | மாலை 8:33

இரண்டு மூன்று. முதலில் 12-இன் எல்லாத் திருத்தங்களையும் போடுங்கள், குறைந்தது 12.12. அதற்கு முந்தைய ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சுடன் ஏற்றினால், பாதியில் இணைப்பு அறுந்தால் புதிய இணைப்பு கிடைக்காமல் போகலாம். இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் உள்ளே ஓட்டுங்கள். 'டிஎஃப் -ஹெச் /பூட்' பாருங்கள். வெளியீட்டுக் குறிப்பு /பூட் 768 எம்பியாவது இருக்க வேண்டும், அதில் 300 எம்பி காலியாக இருக்க வேண்டும் என்கிறது. பழைய கெர்னல்கள் அடைத்துக்கொண்டிருந்தால் ஏற்றுவதற்கு முன்பே நீக்கிவிடுங்கள். /ஈடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பில் ஏதாவது எழுதி வைத்திருந்தால் அதை /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவுக்குள் ஒரு கோப்பாக மாற்றுங்கள், 13-இல் பழைய இடத்தைப் படிப்பதில்லை. டவ்காட் (மின்னஞ்சல் சர்வர்) ஓட்டுகிறீர்களா? அப்படியானால் தனியாக ஒரு இரவு ஒதுக்குங்கள். 2.3-இன் அமைப்புக் கோப்பு 2.4-இல் ஓடாது.


பொதிகை_நிரலன் | மாலை 8:41

(பேக்கேஜ் என்பதற்குப் 'பொதி' என்று நல்ல சொல் இருக்கிறது, யாரும் பயன்படுத்த மாட்டேன் என்கிறீர்கள். இருக்கட்டும்.)

இந்த முறை வழக்கொழிந்த பொதிகளின் பட்டியல் ஏன் இவ்வளவு நீளம் என்று பலர் பயப்படுகிறார்கள். பாதிக் காரணம் 2038. 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும். அதற்காக 'ஆர்ம்ஹெச்எஃப்' போன்ற 32 பிட் கட்டமைப்புகளில் நேரத்தை 64 பிட்டாக மாற்றினார்கள். அது நூலகங்களின் உள் ஒப்பந்தத்தையே மாற்றுவதால் நூற்றுக்கணக்கான நூலகப் பொதிகளுக்குப் பெயர் வால் சேர்ந்தது: லிப்எஸ்எஸ்எல்3 இப்போது லிப்எஸ்எஸ்எல்3டி64. நம் 64 பிட் இயந்திரத்துக்கு இந்த மாற்றம் தேவையே இல்லை, ஆனாலும் பெயர் எல்லாருக்கும் பொதுவாக மாறியது. பழைய பெயர்கள் எல்லாம் 'ஆப்சொலீட்' ஆயின. ஆகவே பட்டியல் நீளத்தைப் பார்த்து மிரளவும் வேண்டாம், அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கவும் வேண்டாம்.


காலண்டர்_சிவகாசி | இரவு 10:06

பக்கத்துக் கடை இன்வெர்ட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்துத்தான் ஓட்டினேன். முடிந்தது. பிழை எதுவும் இல்லை. ஹிஸ்டரி லாக்கைப் பார்த்துக் காணாமல் போனவற்றில் 'லிப்' என்று ஆரம்பிக்காதவற்றை மட்டும் மறுபடி நிறுவினேன். லிப்ரேஆஃபிஸ் வந்துவிட்டது.

இனி தரவுத்தளம். புக்வர்ம் ரெப்போவைக் கொஞ்ச நேரம் திறந்து 15-ஐ எடுக்கவா?


ரூட்_ராசாத்தி | இரவு 10:18

எடுக்கலாம், ஓடவும் ஓடும். ஆனால் கூடவே பழைய லிப்ஐசியூ, எல்எல்விஎம் என்று ஒரு கூட்டமே திரும்பி வரும். போஸ்ட்கிரெஸ் திட்டமே ட்ரிக்சிக்கென்று கட்டிய 15-ஐத் தன் ரெப்போவில் (பிஜிடிஜி) வைத்திருக்கிறது. அதைச் சேர்க்க ஒரு ஸ்கிரிப்ட் உங்கள் கணினியிலேயே இருக்கிறது: /யூஎஸ்ஆர்/ஷேர்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்-காமன்/பிஜிடிஜி/ அடைவுக்குள் 'ஆப்ட்.போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆர்க்.எஸ்ஹெச்'. அதை ஓட்டிவிட்டு 'ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-15' மட்டும் கொடுங்கள்.

'ஆப்ட் அப்கிரேடு' கொடுத்துவிடாதீர்கள். நான் சொன்ன கைகாட்டிப் பேக்கேஜ் அந்த ரெப்போவில் 18-ஐக் காட்டுகிறது. கொடுத்தால் மூன்றாவதாக ஒரு காலி கிளஸ்டர் 5434-இல் வந்து உட்காரும், பிறகு எது எதுவென்று எனக்கே குழம்பும்.

15 வந்ததும் பழைய அமைப்புக் கோப்பைப் பார்த்துத் தானாக 5432-இல் எழுந்து நிற்க வேண்டும். நின்றதும் முதல் வேலை, வேறு எதற்கும் முன்னால்: எல்லாத் தரவையும் ஒரு கோப்பாக எடுக்கும் 'பிஜி_டம்ப்ஆல் --கிளஸ்டர் 15/மெயின்', வெளி வட்டுக்கு.


காலண்டர்_சிவகாசி | இரவு 10:47

எழுந்துவிட்டது அக்கா! கடைசி ஆர்டர் சனிக்கிழமை மாலை 7:20, தினசரி காலண்டர் 500. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டம்ப் எடுத்துவிட்டேன்.

ஆனால் உள்ளே போனதும் ஒரு எச்சரிக்கை வருகிறது, 'கொலேஷன் வெர்ஷன் மிஸ்மேட்ச்', 2.36 என்றும் 2.41 என்றும் எண்கள். பயப்பட வேண்டுமா?


ரூட்_ராசாத்தி | இரவு 11:01

நல்ல கேள்வி. பெரும்பாலானோர் அதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

எழுத்துகளை அகரவரிசைப்படுத்தும் விதியைப் போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஜிலிப்சியிடம் (ஓஎஸ்ஸின் அடிப்படை நூலகம்) கேட்டுக்கொள்கிறது. ஓஎஸ் ஏறியதில் ஜிலிப்சி 2.36-லிருந்து 2.41 ஆனது. வாடிக்கையாளர் பெயர் மீது நீங்கள் இன்டெக்ஸ் (தேடலுக்கான அகரவரிசைப் பட்டியல்) போட்டிருந்தால் அது பழைய வரிசைப்படி அடுக்கியது. விதி எங்காவது மாறியிருந்தால் புதிய வரிசையில் தேடும்போது இருக்கிற பெயரையே இல்லை என்று சொல்லும், ஒரே பெயரை இரண்டு முறை ஏற்றுக்கொள்ளவும் செய்யும். ஜிலிப்சி 2.28 வந்தபோது, அதாவது டெபியன் 10 காலத்தில், இதனால் நிறையப் பேர் அடிபட்டார்கள்.

உங்களுக்கு வழி எளிது. 'பிஜி_அப்கிரேடுகிளஸ்டர்' சாதாரணமாகச் செய்வது டம்ப் எடுத்துப் புதியதில் கொட்டுவது. இன்டெக்ஸ்கள் எல்லாம் புதிதாகக் கட்டப்படும், எச்சரிக்கை தானாகப் போய்விடும். '-எம் அப்கிரேடு' என்கிற வேகமான வழியில் போனால்தான் நாமே ரீஇன்டெக்ஸ் செய்ய வேண்டும். 1.9 ஜிபிக்கு வேகம் எதற்கு?

முதலில் 'பிஜி_ட்ராப்கிளஸ்டர் --ஸ்டாப் 17 மெயின்'. அந்தக் காலி 17-ஐத்தான் நீக்குகிறோம். என்டர் தட்டுவதற்கு முன் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள்: பதினேழு. நான் ஒரு முறை தூக்கக் கலக்கத்தில் மாற்றி அடித்துவிட்டு விடியும்வரை டம்ப்பிலிருந்து மீட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு 'பிஜி_அப்கிரேடுகிளஸ்டர் -வி 17 15 மெயின்'. முடிந்ததும் 17 தானாக 5432-க்கு வந்துவிடும், 15 ஒதுங்கிக்கொள்ளும். உங்கள் நிரலில் போர்ட்டை மாற்றியிருந்தால் பழையபடி ஆக்குங்கள்.


காலண்டர்_சிவகாசி | இரவு 11:38

ஆனது. இரண்டிலும் ஆர்டர் எண்ணிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒன்றுபோல் இருக்கிறது.

வலைப்பக்கம் மட்டும் இன்னும் 502. 'ஜர்னல்சிடிஎல்' சொல்வது: 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர், ஃபிளாஸ்க்'. வலைப்பக்கத்தை ஓட்டும் ஃபிளாஸ்க் நூலகம் வெர்ச்சுவல் சூழலுக்குள் (என் நிரலுக்கென்று தனியாக வைத்த பைத்தான் அடைவு) இருக்கிறதே!


வட்டுக்கிறுக்கன் | இரவு 11:45

'பிப் இன்ஸ்டால் ஃபிளாஸ்க் --பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' போட்டால் வந்துவிடுமே.


கரிசல்பென்குயின் | இரவு 11:52

அந்தக் கொடியின் பெயரிலேயே 'உடை' என்று இருக்கிறது, கிறுக்கரே. ஆப்ட் பார்த்துக்கொள்ளும் வீட்டுக்குள் பிப் போய்ச் சட்டிபானையை மாற்றி வைத்தால் அடுத்த அப்டேட்டில் இரண்டும் முட்டிக்கொள்ளும். சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானில்தான் ஓடுகின்றன.

தம்பி, உங்கள் சூழலுக்குள் இருக்கும் பைத்தான் ஒரு குறுக்குச்சுட்டிதான், /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3-ஐக் காட்டுகிறது. நேற்று வரை அது 3.11, இன்று 3.13. ஃபிளாஸ்க் 'லிப்/பைத்தான்3.11' அடைவுக்குள் கிடக்கிறது, 3.13 அங்கே எட்டிப் பார்க்காது. பழுது பார்க்காதீர்கள், சூழலைப் புதிதாகக் கட்டுங்கள். தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் ரிகொயர்மென்ட்ஸ் கோப்பு வைத்திருக்கிறீர்களா?


காலண்டர்_சிவகாசி | இரவு 11:55

…இல்லை.


கரிசல்பென்குயின் | இரவு 11:59

தெரியும். பழைய 'சைட்-பேக்கேஜஸ்' அடைவில் 'டிஸ்ட்-இன்ஃபோ' என்று முடியும் துணை அடைவுகளைப் பாருங்கள், பெயரும் பதிப்பும் அவற்றின் பெயரிலேயே இருக்கும். அந்தப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதுங்கள். பழைய சூழலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டு அதே இடத்தில் 'பைத்தான்3 -எம் வென்வ்'. போஸ்ட்கிரெஸுடன் பேசும் சைகாப்ஜி2-பைனரி மட்டும் 2.9.10 அல்லது அதற்கு மேல் வேண்டும், பழையதற்கு 3.13-க்கான கட்டு இல்லை. உங்கள் நிரலில் 'சிஜிஐ' தொகுதி எங்காவது இருந்தால் அதையும் மாற்ற வேண்டும், 3.13-இல் அதை எடுத்துவிட்டார்கள்.


காலண்டர்_சிவகாசி | திங்கள் காலை 9:30

வலைப்பக்கம் ஓடுகிறது. ஐந்து பேரும் வேலை பார்க்கிறார்கள். மாமாவிடம் 'நேற்று கொஞ்சம் பராமரிப்பு' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அக்கா, 15-ஐ எப்போது எடுக்கலாம்?


ரூட்_ராசாத்தி | காலை 9:48

சீசன் முடியட்டும், அது பாட்டுக்கு உறங்கட்டும். எடுக்கும்போது முதலில் 'பிஜி_ட்ராப்கிளஸ்டர் 15 மெயின்', பிறகு பேக்கேஜ். அந்தப் பிஜிடிஜி ரெப்போவை மட்டும் இன்றே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் 18 வந்து கதவைத் தட்டும். க்ரானில் தினமும் ஒரு டம்ப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஆடி மாதப் பேக்கப் என்று இன்னொரு முறை எழுதினால் பதில் போட மாட்டேன்.


காலண்டர்_சிவகாசி | மதியம் 12:15

புதிதாக ஒன்று. டிசைனர் ஒரு பெரிய காலண்டர் பிடிஎஃபை ஏற்றினால் 'இடம் இல்லை' என்கிறது. வட்டில் 180 ஜிபி காலி.


பொதிகை_நிரலன் | மதியம் 12:22

/டெம்ப்! 13-இல் அது வட்டில் இல்லை, நினைவகத்தில். ராமில் பாதி வரைதான், உங்களுக்கு 2 ஜிபி. உங்கள் நிரல் கோப்பை முதலில் அங்கேதான் கொட்டும். சர்வீஸ் கோப்பில் 'டிஎம்பிடிஐஆர்' மாறிக்கு /வார்/டெம்ப் கொடுங்கள், அதுவே போதும். எல்லாவற்றுக்கும் பழையபடி வட்டிலேயே வேண்டுமென்றால் 'சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டெம்ப்.மவுன்ட்' கொடுத்துவிட்டு ரீபூட்.


காலண்டர்_சிவகாசி | மதியம் 12:40

முதல் வழியில் சரியாகிவிட்டது. பிடிஎஃப் ஏறிவிட்டது, அச்சுக்கும் போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரி வாங்கக் கிளம்புகிறேன்.